ஒரே இடத்தில் இரண்டு முறை சரிந்த குளத்துக் கரை: பச்சையாற்றுப் பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழையைத் தென்மாவட்டங்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். ஒரு வருடம் முழுக்க அங்கே பெய்வதை விடக் கூடுதல். திருநெல்வேலி மாவட்டத்தில் மூலைக்கரைப்பட்டி 60 சென்டிமீட்டரைத் தாண்டியது. செய்திகளில் தாமிரபரணி வெள்ளம் வந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயில் வந்தது, உடைந்த குளங்களின் படங்களும் வந்தன. உடையாமல், ஆனால் ஒரு பக்கம் சரிந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கரைகளைப் பற்றிப் பெரிதாகப் பேச்சில்லை. அடுத்த மழையில் உடையப்போவது அவைதான் என்பதால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

இங்கே சொல்லப்போவது அப்படி ஒரு கரையைப் பற்றி. களக்காட்டுக்கும் மூலைக்கரைப்பட்டிக்கும் நடுவில், பச்சையாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம். கரையோர நில விவகாரம் இன்னும் முழுசாகத் தீராததால் ஊர்ப் பெயரை விட்டுவிடுகிறேன். கரை நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நடுப்பகுதியில் உயரம் நாலு மீட்டர். இரண்டு மடை, தெற்கு ஓரத்தில் மறுகால், அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம். மறுகாலில் விழும் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். கரைக்கு வெளியே பிசானப் பருவ நெல், கரை அடியை ஒட்டி ஏத்தன் (நேந்திரன்) வாழை.

குளத்து விவசாயிகள் கேட்டுக்கொண்டதால் நான் போனது 2024 டிசம்பர் மழைக்குப் பிறகு. ஆகவே 2023 பற்றி இங்கே இருப்பது அவர்கள் சொன்னதும், செல்போன் படங்களில் பார்த்ததும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு மறுகால் முழு அளவில் போகவில்லை. கூடுதலாக ஒரு அடித் தண்ணீர் நிற்கட்டும் என்று மறுகால் கற்களுக்கு நடுவே பலகை வைத்து மண் அடைத்திருந்தார்கள். இது ஊருக்கு ஊர் நடப்பதுதான். பிசானம் கடைசியில் ஒரு தண்ணீருக்குத் தவிக்கிறவனுக்கு அந்த ஒரு அடி பெரிய விஷயம். ஆனால் அன்றைக்குக் குளம் ஏறிய வேகத்தில் அடைப்பைப் பிடுங்குவதற்குள் தண்ணீர் கரையின் மேல்மட்டத்துக்கு இரண்டு சாண் கீழே வந்துவிட்டது. இளைஞர்கள் கரை தாழ்ந்திருந்த இடங்களில் மணல் மூட்டை அடுக்கி, தண்ணீர் கரை ஏறி வழியாமல் காப்பாற்றினார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. மண் கரையில் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

திங்கட்கிழமை காலை மழை விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தபோது வடக்கு மடைக்குக் கொஞ்சம் தள்ளி, கரை மேல் வெளிப்பக்க விளிம்பை ஒட்டி ஒரு வெடிப்பு தெரிந்தது. நீளம் முப்பது மீட்டர் இருக்கும். மதியத்துக்குள் வெளிப்பக்கம் இடுப்பளவு இறங்கிவிட்டது. கீழே வாழைத் தோட்டத்து வடிகாலுக்குள் மண் பிதுங்கி நின்றது. பதறிப்போய் வெடிப்பின் மேலேயே டிராக்டர் டிராக்டராகச் சரள் கொட்டினார்கள். சரியத் துடிக்கும் மண்ணின் தலையில் எடை ஏற்றுவது அது. எடை போட வேண்டிய இடம் அடிக்கால், அதாவது சரிவின் கீழ் ஓரம். அங்கேயும் வெறும் களிமண்ணைப் போட்டு அப்பக்கூடாது. முதலில் மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கல்லோ மூட்டையோ போட வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே வரணும், மண் வரக்கூடாது.

அப்புறம் இன்னொன்றும் நடந்தது. குளத்தைச் சீக்கிரம் இறக்கிவிடணும் என்று இரண்டு மடையையும் முழுக்கத் திறந்து, மறுகால் ஓரத்தையும் ஜேசிபி வைத்து வெட்டிவிட்டார்கள். தண்ணீர் ஒன்றரை நாளில் ஒரு ஆள் உயரம் இறங்கியது. அடுத்த நாள் உள்பக்கச் சரிவும் மடைக்குப் பக்கத்தில் வழுக்கி இறங்கியது. இரண்டு பக்கமும் போய்விட்டது, கரையே அழுகிவிட்டது என்று ஊரில் பேச்சு. அரை ராத்திரியில் வீட்டைக் காலி செய்தவர்களும் உண்டு.

பார்த்தால் ஒன்று போல இருந்தாலும் இரண்டும் ஒரே வியாதி இல்லை. உள்பக்கம் சரிந்ததற்குக் காரணம் தண்ணீர் இறங்கிய வேகம். குளம் நிரம்பி நிற்கும்போது கரை மண்ணும் நனைந்து ஊறியிருக்கும். குளத்தில் நிற்கும் தண்ணீர் அந்தச் சரிவைத் தள்ளித் தாங்கிக்கொண்டிருக்கும். குளத்துத் தண்ணீரைத் திடீரென்று எடுத்துவிட்டால் தாங்கல் போய்விடும். களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீரோ அவ்வளவு வேகமாக வடியாது. எடையோடும் அழுத்தத்தோடும் சரிவு தனியாக நிற்க வேண்டியிருக்கும். போதாததற்கு, வயலுக்கு வண்டல் எடுத்தவர்கள் குளத்து நடுவில் எடுக்காமல் டிராக்டர் ஏற வசதியாகக் கரை அடியிலேயே குழி பறித்திருந்தார்கள். கரை உடையும் ஆபத்து முன்னால் நின்றால் தண்ணீரை இறக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. மழை விட்டு, வரத்தும் குறைந்த பிறகு ஒரு நாளைக்கு ஒரு அடிக்கு மேல் இறக்காமல் போவது நல்லது.

வெளிப்பக்கச் சரிவுதான் இந்த ஆய்வின் மையம், ஏனென்றால் அதுதான் திரும்ப வந்தது. 2024 ஜனவரியில் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஹிட்டாச்சி கொண்டுவந்து, சரிந்த மண்ணை அள்ளி மேலே போட்டு, பக்கெட்டாலேயே தட்டி அமுக்கி, மேலே செம்மண் சரள் பரப்பிவிட்டுப் போனார். பார்வைக்குப் பழைய கரையை விட அழகாக இருந்ததாம். அதே வருடம் டிசம்பர் நடுவில் தாமிரபரணியில் மறுபடி வெள்ளம் வந்ததே, அந்த மழையில் அதே இடம், இந்தத் தடவை இன்னும் பத்து மீட்டர் அகலமாக, இறங்கிவிட்டது.

மடை திறந்து மூடும் பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "போன வருசமும் இதே எடந்தான் தம்பி. மண்ண அள்ளி அப்பிட்டுப் போயிட்டாவ. அடியில ஒண்ணும் செய்யலியே, நிக்குமான்னு கேட்டேன். வயசான ஆளு பேச்சுன்னு விட்டுட்டாவ."

"அடியில என்ன பாத்தீங்க அண்ணாச்சி?"

"ஓடைதான். வருசா வருசம் வாழைக்காரன் மம்பட்டிய வச்சு ஓடையச் செதுக்குதான்லா, தோட்டத்துப் பக்கம் செதுக்குவானா? கரைப் பக்கந்தான் செதுக்குவான்."

பாதி ஆய்வு அதிலேயே முடிந்துவிட்டது. மீதி அதை அளந்து உறுதி செய்வது.

மழைக்குப் பிறகு கரை பார்ப்பது என்றால் பைக்கில் கரை மேல் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்துவிடுவது பலருக்கு வழக்கம். மேலே தெரிவது பாதிதான். ஒருவர் கரை மேல், ஒருவர் வெளிப்பக்க அடியில், இணையாக நடக்க வேண்டும். கரை மேல் ஐம்பது மீட்டருக்கு ஒரு கல் நட்டு எண் எழுதிவிட்டால், கீழே இருப்பவர் கத்திச் சொல்வதை மேலே இருப்பவர் குறித்துக்கொள்ளலாம். கீழே நடப்பவருக்குத்தான் வேலை அதிகம். கால் அமுங்கும் இடம், சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பச்சைப் புல், சாய்ந்த பனை, தொய்ந்த வேலிக் கம்பி, வடிகாலுக்குள் பிதுங்கிய மண், எலி வளை, நண்டு வளை எல்லாம் அவர் கணக்கு. சீமைக்கருவேல மரம் அடர்ந்திருந்தால் இதில் ஒன்றும் கண்ணில் படாது. கரையைச் சுத்தமாக வைக்கச் சொல்வது அழகுக்கு இல்லை.

வெடிப்பைப் பார்த்தவுடன் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். களி காய்ந்து விடும் கோடை வெடிப்பு நாலா பக்கமும் ஓடும், இரண்டு உதடும் ஒரே மட்டத்தில் இருக்கும். சரிவு வெடிப்பு கரைக்கு இணையாக ஓடி, இரு முனையும் சரியும் பக்கம் வளையும். விரலை வைத்துத் தடவினால் ஒரு உதடு தாழ்ந்திருப்பது தெரியும், அரை அங்குலம் என்றாலும் சரி. கசிவு இருந்தால் உள்ளே இருப்பது தெரியும் ஒரு தண்ணீர் பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடியில் மண் படிந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது என்று பொருள், அது அன்றைக்கே கவனிக்க வேண்டிய விவகாரம். தெளிந்தே இருந்தால் அவகாசம் இருக்கிறது.

இந்தக் கரையில் கசிவு தெளிவாகத்தான் இருந்தது, அதுவும் சொட்டுச் சொட்டாக. வெடிப்பின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து, தலையில் கோடு போட்டு, காலையும் மாலையும் டேப் வைத்து அளக்கச் சொன்னேன். பெரியவரின் பேரன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். இடைவெளி நாளுக்கு நாள் கூடினால் ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும். இங்கே முதல் சில நாள் கூடி, பிறகு கூடும் வேகம் குறைந்து, நின்றுபோனது. கோடை வரை பொறுக்கலாம் என்ற தைரியம் அந்த நோட்டிலிருந்துதான் வந்தது. அதுவரை தார்ப்பாய் போட்டு வெடிப்புக்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் மூடி, கரை மேல் வண்டி போகத் தடை போட்டோம். டிராக்டரை மட்டும் தடுக்கவே முடியவில்லை. இரண்டு பனந்தடியைக் குறுக்கே போட்ட பிறகுதான் நின்றது.

தார்ப்பாய் போடுவதற்கு முன் இன்னொரு வேலை செய்தோம். சுண்ணாம்பைத் தண்ணியாகக் கரைத்து வெடிப்பு நெடுக ஊற்றினோம். பலருக்கு இது வினோதமாகப் பட்டது. கோடையில் சோதனைக் குழி வெட்டியபோது அதன் பலன் தெரிந்தது. மேலே செங்குத்தாக இறங்கிய வெள்ளைக் கோடு, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கீழே போய் வளைந்து, சரிவுக்கு இணையாகப் படுத்துக் கீழே ஓடியது. அந்தக் கோட்டில் மண்ணைப் பிரித்தால் தேய்ந்த அம்மியின் முகம் போல வழவழப்பான பரப்பு. அதற்கு மேலே இருந்த மண்ணில் கட்டைவிரல் சுலபமாகப் போனது. அதற்குக் கீழே கடப்பாரை தெறித்தது. முதல் மராமத்தில் இந்தப் பரப்பை யாரும் தொடவே இல்லை. வழுக்கிய பரப்பின் மேலேயே வழுக்கிய மண்ணைத் திரும்ப ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

சரிவு ஆழமில்லை, குளத்துத் தண்ணீர் ஊடுருவி வந்து தள்ளியதும் இல்லை என்பதும் இதிலிருந்து கிடைத்தது. மேலிருந்து இறங்கிய மழைதான் காரணம். கரை கட்டியிருப்பது குளத்துக் களியால். கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். எவ்வளவு உப்புகிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. காய வைத்துச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாயில் எடுத்து, ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பும் தன்மை. இங்கே தண்ணீர்க் குழாயில் மண் ஏறக்குறைய இரண்டு பங்காக நின்றது. இப்படி வெடித்து உப்பி, வெடித்து உப்பி, வருடா வருடம் மேல் ஒரு மீட்டர் மண் தன் கெட்டித்தன்மையை இழக்கும். அதனால்தான் முப்பது நாற்பது வருடம் நின்ற கரை ஒரு மழையில் போகிறது. வெடிப்புக்குள் தண்ணீர் நிறைந்து சரிவுக்கு இணையாக ஓட ஆரம்பித்தால், மண்ணின் உரசல் தரும் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

சரி, அப்படியானால் ஒரு கிலோமீட்டர் கரையும் அதே களிதானே, இந்த இடம் மட்டும் ஏன்? சரியாத இடங்களில் வெளிச்சரிவை அளந்தால் ஒன்றுக்கு இரண்டு இருந்தது, அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம். சரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு ஒன்றரை கூட இல்லை. மம்பட்டி செதுக்கிச் செதுக்கி வடிகால் கரைக்குள் வந்துவிட்டது. முட்டுக்கொடுத்து நின்ற அடிமண் போய்விட்டது. அதோடு கரை மேல்மட்டமும் வண்டித் தடத்தால் வெளிப்பக்கம் சாய்ந்திருந்ததால், பெய்த மழை எல்லாம் அந்த விளிம்பில்தான் இறங்கியது.

அடியில் கான்கிரீட் சுவர் கட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஊராருக்கும் அதில்தான் ஆசை, கான்கிரீட் என்றால் கண்ணுக்கு வேலை தெரியும். என் கருத்து வேறு. தண்ணீர் வடிய வழியில்லாத சுவர் பின்னால் தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் மண்ணோடு தானும் சாயும். இந்தச் சரிவுக்கு வேண்டியது அகலமான அடியும் வடிகாலும்.

அகலமான அடி என்றவுடன் நிலம் வந்துவிட்டது. நாலு மீட்டர் உயரக் கரையை ஒன்றுக்கு இரண்டரை ஆக்க, அடியில் நாலு மீட்டர் கூடுதலாக வேண்டும். அதில் வாழை நிற்கிறது. வருவாய்த்துறை அளவர் வந்து புலப்படத்தை வைத்துச் சங்கிலி பிடித்தபோது, குளத்துப் புறம்போக்கின் எல்லை வாழைத் தோட்டத்துக்குள் இரண்டு வரிசை தள்ளி விழுந்தது. தோட்டக்காரர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தன் அப்பா காலத்திலிருந்து ஓடை அங்கேதான் என்றார். அதுவும் பொய்யில்லை, அப்பா காலத்திலிருந்து செதுக்கினால் அப்படித்தான் இருக்கும். கரை உடைந்தால் முதலில் போவது அவர் தோட்டம் என்று பெரியவர் சொன்னது வேலை செய்தது. ஏத்தன் தார் வெட்டும்வரை பொறுப்பது என்று முடிவானது.

2025இல் பிசான அறுவடை முடிந்து குளம் வற்றிய பிறகு வேலை தொடங்கி, ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று திட்டம். முதலில் சரிந்த மண் முழுவதையும் வெளியே எடுத்தோம். வெள்ளைக் கோட்டைத் தாண்டி இன்னும் ஒன்றரை அடி ஆழம், இரு பக்கமும் சரிவின் எல்லையைத் தாண்டி சில மீட்டர். ஒரேயடியாக முழு நீளத்தையும் திறக்கவில்லை. பத்து மீட்டர் திறப்பது, கட்டி ஏற்றுவது, அடுத்த பத்து. கோடை மழை எப்போது வேண்டுமானாலும் ஒரு போடு போடும்.

அடிக்காலில் கெட்டி மண் வரும்வரை பள்ளம் வெட்டி மணல், 20 மில்லிமீட்டர் ஜல்லி, கருங்கல் என்ற வரிசையில் கல் அடிக்கால் அமைத்தோம். மண் பக்கம் மணல், வெளிப்பக்கம் கல். வரிசையை மாற்றிவிட்டால் முதல் மழையிலேயே மண் கல்லிடுக்கில் புகுந்து அடைத்துவிடும். வேலையாட்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய கரையைப் படிகளாக வெட்டி, புது மண்ணை அந்தப் படிகளில் பூட்டி ஏற்றினோம். சாய்ந்த பரப்பின் மேல் அப்படியே கொட்டினால் இரண்டு மண்ணுக்கும் நடுவில் ஒரு வழுக்குப் பரப்பை நாமே செய்து கொடுத்ததாகிவிடும்.

மண் விஷயத்தில் ஒரு விவாதம் நடந்தது. எடுத்த களியைச் சுண்ணாம்பு கலந்து பதப்படுத்தித் திரும்பப் போடுவது நல்ல முறைதான். ஆனால் சமமாகக் கலக்க இயந்திரமும், இறுக நாளும் வேண்டும். இரண்டும் எங்களிடம் இல்லை. களியோடு சரள் மண்ணைக் கலந்து போடுவது என்று முடிவு செய்தோம். எட்டு அங்குலத்துக்கு மேல் ஒரு அடுக்கு இல்லை. ஈரப்பதத்துக்கு ஒரு கைப்பிடி மண்ணை அமுக்கி உருட்டிப் பார்ப்பது முதல் சோதனை. உருண்டை உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்கணும், கையில் ஒட்டினால் காய விடணும். ஆட்டுக்கால் ரோலர் ஓடியபின் கோர் கட்டர் என்ற இரும்புக் குழாயை அடித்து மண் எடுத்து எடை பார்த்து, ஆய்வகத்தில் கிடைத்த அதிகபட்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்தால்தான் அடுத்த அடுக்கு. இந்த இடத்தில்தான் ஒப்பந்தக்காரர்களோடு சண்டை வரும். வேலை அளவு எழுதும் பதிவேடான எம் புக்கில் கன மீட்டர்தான் ஏறுகிறது, ரோலர் எத்தனை தடவை ஓடியது என்று ஏறுவதில்லை. பிறகு ஏன் அவர் ஓட்டப்போகிறார்? அளவு எழுதுகிற முறையை மாற்றாமல் ஒப்பந்தக்காரரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை.

கரை மேல்மட்டத்தைக் குளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்து முடித்தோம். வெளிச்சரிவில் அருகம்புல் பத்தை, அடியில் ஒரு வரிசை வெட்டிவேர். பனங்கொட்டை ஊன்றலாமா என்று கேட்டார்கள். நிற்கிற பனையை வெட்ட வேண்டாம், அதன் சல்லிவேர் கெடுதல் செய்யாது. ஆனால் பட்டுப்போன பனையின் அடிக்கட்டை உளுத்துப்போனால் கரைக்குள் ஒரு குழாய் விட்டுவிட்டுப் போகும். புதிதாக ஊன்றுவதென்றால் கரைச் சரிவை விட்டுத் தள்ளிப் புறம்போக்கு எல்லையில் ஊன்றட்டும் என்றேன். எல்லைக்கும் அது அடையாளமாக இருக்கும். உள்பக்கத்தில் வண்டல் குழிகளை மூடி, சரிவை ஒழுங்கு செய்து கல் பதித்தது சின்ன வேலைதான்.

2025 வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பி மறுகால் போனது. மறுகாலில் இந்த முறை பலகை இல்லை. புதிதாக அடித்த கம்பிகளுக்கு இடையில் அளவு மாறவில்லை. கல் அடிக்காலில் தெளிந்த தண்ணீர் சொட்டியது, பாட்டிலில் மண் படியவில்லை. ஆனால் மராமத்து செய்த இடம் முடிந்து பழைய கரை தொடங்கும் வடக்கு முனையில், விரல் நுழையும் அளவு ஒரு புது வெடிப்பு, கரைக்கு இணையாக. அங்கேயும் அடியில் ஓடை செதுக்கப்பட்டிருக்கிறது, அதை ஒட்டி இருப்பது வேறொருவர் தோட்டம். சுண்ணாம்பு ஊற்றி, கம்பி அடித்து, தார்ப்பாய் போட்டாகிவிட்டது. அளவருக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். நோட்டைப் பேரன்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.